பூட்டுக் குறி இருந்தும் ஒட்டுக்கேட்பது எப்படி? சான்றிதழ் சரிபார்ப்புக் குறைகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆப்களின் பாதுகாப்பைச் சோதிப்பது என் வேலை. 'எல்லாம் எச்டிடிபிஎஸ்தானே, அப்புறம் எப்படி பாஸ்வேர்டு வெளியே போனது?' என்று என்னிடம் பலர் கேட்டிருக்கிறார்கள். பெரும்பாலும் எச்டிடிபிஎஸ் தரும் குறியாக்கத்தை யாரும் உடைத்திருக்க மாட்டார்கள். எதிர்முனையில் இருப்பவர் யார் என்று பார்க்கும் இடத்தில் கோட்டை விட்டிருப்பார்கள். அந்த இடத்தைப் பற்றி வழக்கமாக வரும் கேள்விகளும் பதில்களும் இவை.

குறியாக்கம் இருந்தால் போதாதா? சான்றிதழ் வேறு எதற்கு?

காதும் காதும் வைத்தாற்போல் பேசுகிறீர்கள், சரி. அந்தக் காது யாருடையது? குறியாக்கம் செய்தால் வழியில் நிற்பவருக்குக் கேட்காது. ஆனால் யாரோடு சாவி பரிமாறினீர்களோ அவருக்கு எல்லாமே கேட்கும். அவரே தாக்குபவராக இருந்தால்? உங்களிடம் சர்வராக நடிப்பார், சர்வரிடம் உங்களாக நடிப்பார். இரண்டு பக்கமும் பலமான குறியாக்க இணைப்பு இருக்கும். நடுவில் அவர் திரையில் உங்கள் பாஸ்வேர்டு வெறும் எழுத்தாக ஓடும்.

இதைத் தடுக்கத்தான் சான்றிதழ். 'இந்தப் பொதுச்சாவி இந்த இணையப் பெயருக்கு உரியது' என்று சான்றிதழ் வழங்குநர் ஒருவர் டிஜிட்டல் கையொப்பம் இட்டுத் தரும் சிறு கோப்பு அது. பொதுச்சாவியை எல்லோருக்கும் காட்டலாம், அதன் ஜோடியான அந்தரங்கச் சாவி சர்வரிடம் மட்டும் இருக்கும். அதைச் சரிபார்க்க வேண்டியது உங்கள் பக்கத்து மென்பொருள்: பிரவுசர், ஆப், அல்லது சர்வரிலிருந்து இன்னொரு சர்வரை அழைக்கும் நிரல்.

தாக்குபவர் நடுவில் எப்படி வந்து உட்காருகிறார்?

அது அவ்வளவு கடினமில்லை. தெரிந்த பெயரில் போலி வைஃபை வைக்கலாம், ஒரே நெட்வொர்க்கில் இருந்தபடி 'நான்தான் ரூட்டர்' என்று மற்றக் கருவிகளை நம்பவைக்கலாம், பழைய ரூட்டருக்குள் புகுந்து, எந்த இணையப் பெயர் எந்தக் கணினியைக் குறிக்கிறது என்று சொல்லும் டிஎன்எஸ் சர்வரின் முகவரியை மாற்றலாம். இணைய இணைப்பையே கையில் வைத்திருக்கும் நிறுவனமோ அரசோ என்றால் இதுகூடத் தேவையில்லை. நெட்வொர்க்கை நம்பவே கூடாது என்ற எண்ணத்தில்தான், எச்டிடிபிஎஸுக்கு அடிப்படையான டிஎல்எஸ் என்ற குறியாக்க முறை வடிவமைக்கப்பட்டது. அதனால் தாக்குபவர் நடுவில் இருக்கிறார் என்றே வைத்துக்கொண்டு மேலே போவோம்.

சரிபார்ப்பில் எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

சர்வர் தரும் சான்றிதழை ஓர் இடைநிலை வழங்குநர் கையொப்பமிட்டிருப்பார். அந்த இடைநிலைச் சான்றிதழை, எல்லோருக்கும் மேலே இருக்கும் ரூட் வழங்குநர் கையொப்பமிட்டிருப்பார். ரூட் சான்றிதழ் உங்கள் கருவியின் நம்பிக்கைப் பட்டியலில் இருக்க வேண்டும். இந்தச் சங்கிலியில் ஒவ்வொரு கையொப்பமும் கணக்குப்படி பொருந்த வேண்டும். தேதி நடப்பில் இருக்க வேண்டும். சான்றிதழில் உள்ள பெயரும் நீங்கள் போக நினைத்த பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். இடையில் கையொப்பமிட்டவருக்கு அடுத்தவருக்குச் சான்றிதழ் தரும் உரிமை உண்டா, எந்தப் பயன்பாட்டுக்காகச் சான்றிதழ் தரப்பட்டது, யாராவது அதை ரத்து செய்துவிட்டார்களா என்பதையும் பார்க்க வேண்டும்.

கடைசியாக ஒன்று, பலர் மறப்பது: சான்றிதழ் ரகசியம் இல்லை. யார் வேண்டுமானாலும் எந்தத் தளத்தின் சான்றிதழையும் இறக்கி, தன்னுடையது என்று நீட்டலாம். அதற்குரிய அந்தரங்கச் சாவி தன்னிடம் இருப்பதை சர்வர் அந்த இணைப்பிலேயே கையொப்பமிட்டு நிரூபிக்க வேண்டும். அதையும் சரிபார்த்தால்தான் வேலை முடிந்தது.

இவற்றில் எது விட்டுப்போனாலும் கதவு திறந்துவிடும். திறந்தது யாருக்கும் தெரியாது, அதுதான் தொல்லை. உண்மையான சர்வரோடு பேசும்போது எல்லாச் சரிபார்ப்பும் 'சரி' என்றுதான் சொல்லும். எதைக் காட்டினாலும் 'சரி' என்று சொல்லும் பழுதான நிரலும் அதே 'சரி'யைத்தான் சொல்லும். இரண்டையும் பிரித்துப் பார்க்கக் கெட்ட சான்றிதழைக் காட்டிப் பார்க்க வேண்டும். அதை யாரும் செய்வதில்லை.

பெரிய நிறுவனங்களும் இதில் தவறியிருக்கின்றனவா?

நன்றாகவே. ஆப்பிள் 2014 பிப்ரவரி 21 அன்று ஐஓஎஸ் 7.0.6 என்ற அவசரத் திருத்தத்தை வெளியிட்டது. அந்தரங்கச் சாவி தன்னிடம் இருப்பதாக சர்வர் இடும் கையொப்பத்தைப் பார்க்கும் நிரலில், 'கோட்டூ ஃபெயில்' ('ஃபெயில்' என்று குறித்த இடத்துக்குத் தாவு) என்ற வரி தவறுதலாக இரண்டு முறை வந்திருந்தது. முதல் வரி மேலே உள்ள நிபந்தனைக்கு உட்பட்டது. இரண்டாவது வரி எந்த நிபந்தனைக்கும் கட்டுப்படாமல் எப்போதும் ஓடியது. இரண்டும் ஒரே அளவு உள்ளே தள்ளி எழுதப்பட்டிருந்ததால் கண்ணுக்கு வித்தியாசம் தெரியவில்லை. அந்த வரி நிரலைக் கடைசிக்குத் தாவவைத்தது, கையொப்பத்தைச் சரிபார்க்கும் படி நடுவில் விட்டுப்போனது. அந்த நேரம் பிழை எண் பூஜ்யமாக இருந்தது, பூஜ்யம் என்றால் வெற்றி. 'ஃபெயில்' என்ற இடத்துக்குப் போய் வெற்றி என்று சொல்லித் திரும்பியது நிரல். ஐஓஎஸ் 6 காலத்திலிருந்து இப்படியே ஓடிக்கொண்டிருந்தது. மேக் கணினிகளுக்கான திருத்தம் வர இன்னும் நான்கு நாள் ஆனது. அந்த நான்கு நாளும் ஓட்டை எங்கே என்று ஊருக்கே தெரியும்.

அது அடங்குவதற்குள், மார்ச்சில் ஜிஎன்யூடிஎல்எஸ் என்ற திறமூல நூலகத்தின் (மற்ற மென்பொருள்கள் எடுத்துப் பயன்படுத்தும் ஆயத்த நிரல் தொகுப்பின்) முறை வந்தது. 'ஆம்' என்றால் 1, 'இல்லை' என்றால் 0 தர வேண்டிய ஒரு நிரல்கூறு, உள்ளே பிழை நேர்ந்தால் எதிர்மறை எண் ஒன்றைத் தந்தது. கேட்ட இடத்திலோ 0 மட்டும்தான் தோல்வி. ஆக, பிழை வரும்படி வேண்டுமென்றே கோணலாகச் செய்த சான்றிதழ் தேறிவிடும். இந்தப் பிழை பல ஆண்டுகளாக அங்கேயே இருந்தது.

கணக்கில் ஓட்டை இல்லாமலேயே ஏமாற்றிய வேறு வழிகள் உண்டா?

உண்டு. எனக்கு மிகவும் பிடித்தது 2009இல் பாதுகாப்பு ஆராய்ச்சியாளர்கள் மாக்ஸி மார்லின்ஸ்பைக்கும் டான் காமின்ஸ்கியும் தனித்தனியாகக் கண்டுபிடித்து, பிளாக் ஹேட் என்ற கணினிப் பாதுகாப்பு மாநாட்டில் காட்டியது. தாக்குபவருக்குச் சொந்தமான தளம் 'திருடன்.காம்' என்று வைத்துக்கொள்வோம். 'வங்கி.காம்' என்று எழுதி, அடுத்து மதிப்பு பூஜ்யமான ஒரு எழுத்தை வைத்து, அதன்பின் '.திருடன்.காம்' என்று சேர்த்து ஒரே பெயராகச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கிறார். வழங்குநர் பெயரின் கடைசிப் பகுதியைப் பார்க்கிறார். அது திருடன்.காம், விண்ணப்பித்தவருக்கு உரியதுதான் என்று கையொப்பம் போட்டுத் தருகிறார். பிரவுசரின் நிரல் சி மொழியில் எழுதப்பட்டது. சி மொழியில் பூஜ்ய எழுத்து வந்தால் சொல் அங்கேயே முடிந்துவிடும். ஆகவே பிரவுசர் படித்தது 'வங்கி.காம்' மட்டும். ஒரே பெயரை இருவர் இரண்டு விதமாகப் படித்தார்கள், அவ்வளவுதான். வழங்குநர், பிரவுசர் இருவரும் தத்தம் கணக்கில் சரியாகவே நடந்துகொண்டார்கள் என்பதுதான் வேடிக்கை.

இதே மார்லின்ஸ்பைக் 2002இல் இன்னொன்றைக் காட்டியிருந்தார். சாதாரணத் தளத்துக்காக வாங்கிய சான்றிதழைக் கொண்டு இன்னொரு தளத்துக்குச் சான்றிதழ் எழுதிக் கையொப்பமிட்டால், இன்டர்நெட் எக்ஸ்புளோரர் அதை ஏற்றுக்கொண்டது. வீடு வாடகைக்கு எடுத்தவர் அந்த வீட்டை விற்க, பதிவாளரும் தலையாட்டியது போன்ற கதை. கையொப்பமிட்டவருக்கு அந்த உரிமை உண்டா என்று யாரும் பார்க்கவில்லை. ஒன்பது ஆண்டு கழித்து, 2011 ஜூலையில், அதே தவறை ஐஓஎஸ் 4.3.5இல் ஆப்பிள் திருத்த வேண்டியிருந்தது.

2020 ஜனவரி 14 அன்று வெளியான விண்டோஸ் திருத்தம் இன்னும் நுட்பமானது. அமெரிக்க தேசியப் பாதுகாப்பு முகமை கண்டு மைக்ரோசாஃப்டிடம் சொன்னது அது. நீள்வளைவுக் குறியாக்கத்தில், எல்லோருக்கும் பொதுவான ஒரு தொடக்கப் புள்ளியை ரகசிய எண்ணால் பெருக்கினால் பொதுச்சாவி வரும். விண்டோஸ், ரூட் சான்றிதழின் பொதுச்சாவி பொருந்துகிறதா என்று பார்த்தது, தொடக்கப் புள்ளி பொருந்துகிறதா என்று பார்க்கவில்லை. அப்படியானால் தொடக்கப் புள்ளியாக அந்தப் பொதுச்சாவியையே வைத்து, ரகசிய எண் 1 என்று சொல்லிவிடலாமே! பெருக்கினால் அதே பொதுச்சாவி வரும், ரூட்டின் சாவி தன்னிடம் இருப்பதாக நடிக்கலாம்.

இதெல்லாம் பழங்கதை. இன்று அதிகம் எங்கே தவறுகிறது?

ஆப்களிலும் சர்வர்களுக்கிடையே ஓடும் நிரல்களிலும். பிரவுசர்களை ஆயிரம் பேர் துருவிப் பார்க்கிறார்கள். ஆப்புக்குள் நடப்பதைப் பார்க்க ஆள் இல்லை, பூட்டுக் குறியும் இல்லை.

2012இல் ஜெர்மனி ஆராய்ச்சியாளர்கள் 13,500 இலவச ஆண்ட்ராய்டு ஆப்களை அலசினார்கள். 1,074 ஆப்களில் சந்தேகத்துக்கிடமான சரிபார்ப்பு நிரல் இருந்தது. 100 ஆப்களைத் தேர்ந்தெடுத்துக் கையால் சோதித்தபோது, 41இல் இடைமறிப்பு நடந்தேவிட்டது. அதே ஆண்டு டெக்சாஸ், ஸ்டான்போர்டு பல்கலைக்கழகக் குழு ஒன்று பணப் பரிமாற்ற நிரல்களிலும் கிளவுட் கருவிகளிலும் இதே நிலையைக் கண்டது. அதில் ஒன்று சொல்லத்தக்கது: இணையத்திலிருந்து தரவை எடுத்துத் தரும் கர்ல் நூலகத்தில் பெயர்ச் சரிபார்ப்புக்கான அமைப்பு அன்று 2 என்று இருக்க வேண்டியிருந்தது. 1 என்றால் சான்றிதழில் ஏதோ ஒரு பெயர் இருந்தாலே போதுமானதாக இருந்தது. நிரலாளர்கள் நல்லெண்ணத்தோடு 'ட்ரூ' என்று எழுதினார்கள், 'ட்ரூ' 1 ஆக மாறியது. சரிபார்ப்பை இயக்குவதாக நினைத்து அணைத்துவிட்டார்கள். அந்த ஆண்டு முடிவதற்குள் 1 என்ற மதிப்பையே ஏற்காதபடி கர்ல் மாற்றப்பட்டது.

தெரிந்தே ஏன் அணைக்கிறார்கள்?

சோதனைச் சர்வரில் தானே கையொப்பமிட்ட சான்றிதழ் இருக்கும். ஆப் இணைய மறுக்கும். மாலைக்குள் டெமோ காட்ட வேண்டும். தேடினால் 'இந்த நான்கு வரியைச் சேருங்கள், பிழை போய்விடும்' என்று யாரோ எழுதியிருப்பார்கள். ஜாவாவில் டிரஸ்ட் மேனேஜர் (சான்றிதழை நம்பலாமா என்று முடிவுசெய்யும் பகுதி) ஒன்றுமே செய்யாத வெற்று நிரலாக இருக்கும், பைத்தானில் 'வெரிஃபை' (சரிபார்) என்பதற்கு 'ஃபால்ஸ்' (வேண்டாம்) என்று இருக்கும். பிழை போய்விடும், உண்மைதான். கூடவே பாதுகாப்பும் போய்விடும். டெமோ முடிந்ததும் அந்த நான்கு வரியை எடுக்க யாருக்கும் நினைவிருக்காது. எடுக்கச் சொல்லி எதுவும் கத்தாது.

அமெரிக்க வர்த்தக ஆணையம் 2014இல் சினிமா டிக்கெட் விற்கும் பண்டாங்கோ, கடன் மதிப்பெண் காட்டும் கிரெடிட் கர்மா ஆகிய இரு நிறுவனங்கள்மீது நடவடிக்கை எடுத்தது இதற்காகத்தான். பண்டாங்கோவின் ஐபோன் ஆப் 2009 மார்ச்சிலிருந்து 2013 பிப்ரவரிவரை சான்றிதழைச் சரிபார்க்கவே இல்லை. கார்டு எண்கள் போகும் ஆப் அது. கிரெடிட் கர்மா, சோதனைக்காக மட்டும் சரிபார்ப்பை அணைக்க ஒப்பந்த நிறுவனத்துக்கு அனுமதி தந்தது. அணைத்தது அப்படியே ஆப் ஸ்டோருக்கு வந்தது. ஐபோன் ஆப்பில் குறையைச் சொன்ன பிறகும், அடுத்து வந்த ஆண்ட்ராய்டு ஆப்பில் அதே குறை.

நான் சோதித்த ஒரு ஆப்பில் அந்த வரிக்கு மேலே 'லைவ் போகும் முன் நீக்கவும்' என்று குறிப்பே இருந்தது. லைவ் போய் மூன்று ஆண்டு ஆகியிருந்தது.

நூலகங்கள் தாமாகவே சரிபார்க்காதா?

இன்று பெரும்பாலும் சரிபார்க்கும். முன்பு அப்படி இல்லை. பைத்தானின் உள்ளமைந்த எச்டிடிபிஎஸ் நூலகம் 2014 டிசம்பரில் வந்த 2.7.9இலிருந்துதான் இயல்பாகவே சரிபார்க்கத் தொடங்கியது. பல மென்பொருள்கள் பயன்படுத்தும் ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற டிஎல்எஸ் நூலகம் சங்கிலியைச் சரிபார்த்தாலும் பெயரைப் பார்க்கும் வேலையை வெகுகாலம் நிரலாளர் தலையில் விட்டிருந்தது. 2015இல் வந்த 1.0.2இல்தான் அதற்கென்று வசதி சேர்ந்தது. பழைய நிரலைப் பராமரிப்பவர்கள் இந்த இடத்தைக் கட்டாயம் திறந்து பாருங்கள்.

என் ஆப்பை நான் எப்படிச் சோதிப்பது?

கெட்ட சான்றிதழ்களைக் காட்டிப் பாருங்கள். ஒவ்வொன்றுக்கும் ஆப் இணைய மறுக்க வேண்டும்.

முதலில், நடுவில் உட்கார்ந்து போக்குவரத்தைத் திறந்து காட்டும் மிட்எம்பிராக்ஸி போன்ற கருவியைக் கணினியில் ஓட்டி, போனின் போக்குவரத்தை அதன் வழியே திருப்புங்கள். அதன் ரூட் சான்றிதழைப் போனில் நிறுவ வேண்டாம். இதில்தான் புதியவர்கள் இடறுகிறார்கள்: ரூட்டை நிறுவிவிட்டு, எல்லாம் தெரிகிறது, குறை கண்டுபிடித்தேன் என்று அறிக்கை அனுப்புவார்கள். நாமே சாவி கொடுத்துவிட்டுத் திருடன் வந்தான் என்றால் எப்படி? நிறுவாமலேயே ஆப் வேலை செய்தால்தான் குறை.

அடுத்த சோதனைதான் என் கணக்கில் மிக முக்கியம், அதிகம் தவறவிடப்படுவதும் இதுவே. உங்களுக்குச் சொந்தமான வேறொரு இணையப் பெயருக்கு லெட்ஸ் என்கிரிப்டில் இலவசமாக உண்மையான சான்றிதழ் வாங்குங்கள். அதை உங்கள் ஆப்புக்கு நீட்டுங்கள். சங்கிலி சரி, தேதி சரி, ரூட் எல்லோரும் நம்புவது. பெயர் மட்டும் வேறு. ஆப் ஏற்றுக்கொண்டால் அது பெயரைப் பார்ப்பதில்லை, அதாவது உலகில் யார் வேண்டுமானாலும் உங்கள் சர்வராக நடிக்கலாம். முதல் சோதனையில் தேறி இதில் விழுந்த ஆப்களைப் பார்த்திருக்கிறேன்.

அப்புறம், காலாவதியான சான்றிதழ், இடைநிலைக் கண்ணி இல்லாத சங்கிலி, கையொப்பமிடும் உரிமை இல்லாத சான்றிதழ் கையொப்பமிட்டது ஆகியவற்றையும் காட்டுங்கள். பேட்எஸ்எஸ்எல் என்ற தளத்தில் இவற்றில் பலவற்றுக்குத் தனித்தனி முகவரியே இருக்கிறது. சர்வர் பக்க நிரல் என்றால் அந்த முகவரிகளை அழைத்துப் பார்ப்பது ஐந்து நிமிட வேலை. ஒருமுறை செய்ததோடு விடாமல் தானியங்கிச் சோதனையில் சேர்த்துவிடுங்கள், ஏனென்றால் அந்த நான்கு வரி எந்த மாலையிலும் திரும்பி வரலாம்.

சோதனைச் சர்வருக்கு என்ன செய்வது? அணைக்காமல் வழி உண்டா?

உண்டு. உங்கள் குழுவுக்கென்று ஒரு தனி ரூட் உருவாக்கி, சோதனைக் கருவிகளில் மட்டும் அதை நிறுவுங்கள். ஆண்ட்ராய்டில் டீபக் பதிப்பு (நிரலாளர்கள் பிழை தேடப் பயன்படுத்தும் பதிப்பு) மட்டும் அந்த ரூட்டை நம்பும்படி அமைப்புக் கோப்பிலேயே எழுதலாம், வெளியிடும் பதிப்புக்கு அது போகாது. சோதனைச் சர்வருக்கும் உண்மையான சான்றிதழே வாங்கிவிட்டால் பிரச்சினையே இல்லை. இலவசமாகக் கிடைக்கும் காலத்தில் அணைப்பதற்குச் சாக்கு இல்லை.

சான்றிதழ் வழங்குநரே ஏமாந்தால்?

அப்போது உங்கள் நிரல் எவ்வளவு சரியாக இருந்தாலும் பயனில்லை. 2011இல் நெதர்லாந்தின் சான்றிதழ் வழங்குநரான டிஜிநோட்டார் நிறுவனத்துக்குள் புகுந்தவர்கள் கூகுள் உட்பட 500க்கும் மேற்பட்ட போலிச் சான்றிதழ்களை உருவாக்கினார்கள். ஈரானில் சுமார் 3 லட்சம் பேரின் ஜிமெயில் போக்குவரத்து இடைமறிப்புக்கு உள்ளானது. கூகுள் தளங்களுக்கு எந்தெந்தச் சாவிகள் வரலாம் என்ற பட்டியல் குரோமுக்குள்ளேயே இருந்ததால், ஈரானியப் பயனர் ஒருவருக்கு எச்சரிக்கை வந்து விஷயம் வெளியானது. செப்டம்பரிலேயே நிறுவனம் திவாலானது. 2014 ஜூலையில் இந்தியாவின் தேசிய தகவலியல் மையம் வழியாகவும் கூகுள் பெயரில் அனுமதியில்லாத சான்றிதழ்கள் வெளியாயின. இந்திய ரூட்டை நம்பிய விண்டோஸ் கணினிகளுக்கே அதில் ஆபத்து இருந்தது.

இதற்கு வந்த மருந்து, வெளியிடும் சான்றிதழ்களைப் பொதுப் பதிவேட்டில் எழுதுவது. 2018 ஏப்ரல் 30க்குப் பின் வெளியான சான்றிதழ் பதிவேட்டில் இல்லையென்றால் குரோம் ஏற்காது. உங்கள் தளத்தின் பெயரில் வேறு யாராவது சான்றிதழ் வாங்கினால் அறிவிப்பு வரும்படி வைத்துக்கொள்ளலாம். வையுங்கள்.

சாவியை ஆப்பிலேயே பதித்துவிட்டால்?

இந்தச் சாவியைத் தவிர வேறு எதையும் ஏற்காதே என்று ஆப்புக்குள் எழுதிவைப்பதைச் சொல்கிறீர்கள். பலமான முறைதான். ஆனால் சாவி மாறும் நாளில் பழைய ஆப் வைத்திருப்பவர் எல்லோரும் வெளியே நிற்பார்கள். தளங்களுக்கான இதே ஏற்பாட்டை குரோம் 2019இல் கைவிட்டது. பணம் கையாளும் ஆப் என்றால், மாற்றுச் சாவி ஒன்றையும் சேர்த்துப் பதிக்கத் தெரிந்த குழு இருந்தால், செய்யலாம். மற்றவர்களுக்கு நான் பரிந்துரைப்பதில்லை. பெயரையே பார்க்காத ஆப்பில் சாவி பதிக்கும் பேச்சை ஆரம்பிக்கிறவர்களும் உண்டு!

பாதுகாப்பு மென்பொருளே போக்குவரத்தைத் திறந்து பார்க்கிறதாமே?

சில பார்க்கின்றன, அலுவலக நெட்வொர்க்குகளிலும் நடக்கும். உங்கள் கணினியில் தன் ரூட்டை நிறுவிக்கொண்டு நடுவில் உட்காரும். அதன்பின் வெளி உலகின் சான்றிதழைச் சரிபார்ப்பது அந்த மென்பொருள்தான், உங்கள் பிரவுசர் இல்லை. அது பிரவுசர் அளவுக்குக் கவனமாகப் பார்க்கும் என்று நம்ப முடியாது. லெனோவா மடிக்கணினிகளில் விளம்பரத்துக்காக வந்த சூப்பர்ஃபிஷ் என்ற மென்பொருள் இதன் உச்சம். 2015 பிப்ரவரியில் வெளியான விவரப்படி, எல்லாக் கணினியிலும் ஒரே ரூட், ஒரே அந்தரங்கச் சாவி. அதைக் காத்த பாஸ்வேர்டு 'கொமோடியா', அந்த இடைமறிப்பு நிரலைச் செய்த நிறுவனத்தின் பெயர்!

திருடுபோன சாவியின் சான்றிதழை ரத்து செய்தால் போதுமா?

காகிதத்தில் போதும். நடைமுறையில், ரத்தானதா என்று கேட்கும் கேள்விக்குப் பதில் வராவிட்டால் பல மென்பொருள்கள் 'பரவாயில்லை' என்று போய்விடும். நடுவில் நிற்பவர் அந்தப் பதிலைத் தடுத்தால் முடிந்தது கதை. அதனால்தான் சான்றிதழின் ஆயுளையே குறைக்கிறார்கள். 2020இலிருந்து 398 நாளாக இருந்த உச்சவரம்பு, 2026 மார்ச் 15இலிருந்து 200, 2027இலிருந்து 100, 2029இலிருந்து 47 நாள் என்று குறைய வேண்டும் என 2025இல் முடிவானது. கையால் புதுப்பிக்கும் பழக்கம் உள்ளவர்கள் இப்போதே தானியங்கிக்கு மாறிவிடுவது நல்லது.

நிரலாளர் இல்லாத நான் என்ன செய்வது?

சான்றிதழ் எச்சரிக்கை வந்தால் 'தொடர்' அழுத்தாதீர்கள், அதிலும் வைஃபையில் இருக்கும்போது. யாராவது சான்றிதழ் கோப்பு அனுப்பி நிறுவச் சொன்னால் நிறுவாதீர்கள். சிஸ்டத்தையும் ஆப்களையும் புதுப்பித்து வையுங்கள். மேலே சொன்ன ஓட்டைகளில் பல ஒரே அப்டேட்டில் அடைபட்டவை. விபிஎன் போட்டால் தீருமா என்றால், நடுவில் நிற்கும் ஆள்தான் மாறுவார். வைஃபைக்காரர் போய் விபிஎன்காரர் வருவார்.

திடீரென்று எல்லாத் தளத்துக்கும் எச்சரிக்கை வருகிறது. யாரோ இடைமறிக்கிறார்களா?

முதலில் கருவியின் தேதியைப் பாருங்கள். பேட்டரி தீர்ந்து கடிகாரம் பல ஆண்டு பின்னால் போயிருந்தால் எல்லாச் சான்றிதழும் இன்னும் தொடங்காததாகத் தெரியும். தேதி சரியாக இருந்தும், வைஃபையை விட்டு மொபைல் டேட்டாவுக்கு மாறியதும் எச்சரிக்கை நின்றுவிட்டால், அந்த வைஃபை வேண்டாம்.